ஒரு விபத்து, இரண்டு வழக்கு

பைக்கில் போனவரை ஒரு வேன் இடித்துவிடுகிறது. காலில் எலும்பு முறிவு. ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில் வைத்து வேன்காரர் சொல்வார்: "கேஸெல்லாம் வேணாம்ணே, ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கறேன்." கையில் பத்தாயிரம் ரூபாய், வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து. மூன்று மாதம் கழித்து, பிளேட் வைத்த கால் மடங்கவில்லை என்று தெரியும்போது வேன்காரர் போனை எடுக்கமாட்டார்.

"கேஸ் வேணாம்" என்று சொல்லும்போது எந்தக் கேஸ் என்று நாம் கேட்பதில்லை. ஒரே விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் கிளம்புகின்றன. முதலாவது கிரிமினல் வழக்கு. அதை நடத்துவது அரசு. முடிவில் டிரைவருக்குத் தண்டனையோ விடுதலையோ கிடைக்கும். இன்னொன்று சிவில் பக்கம். அடிபட்டவர் தனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கேட்பது. ஒருவர் கவனக்குறைவால் இன்னொருவருக்குத் தீங்கு விளைந்தால் அதைப் பணத்தால் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் தீங்கியல் சட்டத்தின் அடிப்படை. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டப் புத்தகம் கிடையாது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தீர்ப்புகள் வழியாகவே வளர்ந்தது. சாதாரண ஆட்கள் அதை அதிகம் சந்திக்கும் இடம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். அங்கே போடும் மனுவைக் கோர்ட் வட்டாரத்தில் 'எம்.சி.ஓ.பி.' என்பார்கள்.

டிரைவர் விடுதலையானால் நஷ்ட ஈடும் போய்விடுமா? போகாது. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில், தாழ்வாகத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பேருந்து உரசி 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் கோர்ட் டிரைவரை விட்டுவிட்டது. ஆனாலும் கவனக்குறைவு இருந்தது என்று தீர்ப்பாயம் சொன்னதை 1980-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கிரிமினலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்று தராசு ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும்.

டிரைவரிடம் காசு இருக்காதே என்பார்கள். வேலை நேரத்தில் டிரைவர் செய்த தவறுக்கு வண்டி முதலாளியும் பொறுப்பு. இன்சூரன்ஸ் இருந்தால் தொகையைக் கட்டுவது கம்பெனி. வண்டியே நிற்காமல் ஓடிவிட்டால்? அதற்கும் தனித் திட்டம் இருக்கிறது: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். வருவாய் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சரி, தொகையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? 34 வயது கொத்தனார் இறந்துவிட்டார், மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். வயது 40-க்குள், சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதி 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்கு இதைப் பெருக்க வேண்டிய எண் (பெருக்கெண்) 16. ஆக 30,24,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு போன்றவை தனி. இந்தக் கணக்கு முறை 2009, 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் நிலைபெற்றது. டீக்கடைப் பத்தாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடிபட்டவர் மீதும் தவறு இருந்தால், அவர் பங்கு எத்தனை சதவீதமோ அவ்வளவு குறையும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் கதை வேறு. பைக் ஓட்டியவர், வேன் டிரைவர் இருவர் மீதும் தவறு என்றாலும் அவர் முழுத் தொகையையும் ஒரே தரப்பிடமே கேட்கலாம்.

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

கையெழுத்துப் போட்ட அந்தத் தாளால் எல்லாமே முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல், எந்த வண்டி இடித்தது என்று காட்டுவதே பெரும்பாடு. அதனால் முதல் நாளே புகார் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் 'கீழே விழுந்துட்டார்' என்று எழுதவிடாமல், வண்டி மோதியது என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். அப்புறம் மருந்துச் சீட்டு, ஆட்டோ கூலி வரை எல்லா ரசீதும் ஒரு பையில் இருக்கட்டும்.

தொகை வந்ததும் மொத்தமாகக் கையில் கிடைக்காது. பிள்ளைகளின் பங்கைப் பெரும்பாலும் அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை வங்கியில் வைப்பு நிதியாகப் போடச் சொல்வார்கள்.