பிஎன்பி எண் குறைவாக இருந்தால் இதயம் நலமா?

செந்தூலிலிருந்து என் கிளினிக்கிற்கு வந்த, அறுபதை நெருங்கும் பருமனான அம்மையார் ஒருவர், இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குவதாகச் சொன்னார். அவருடைய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். விழுந்த பள்ளம் சட்டென்று நிரம்பவில்லை. ஆனால் அவரோ, வேறோர் இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையை நீட்டி, "பிஎன்பி நூறுக்குக் கீழேதான் டாக்டர், இதயத்துல ஒன்னும் இல்லன்னுட்டாங்க" என்றார்.

பிஎன்பி என்பது இதயத் தசை சுரக்கும் ஹார்மோன். 1981ஆம் ஆண்டு கனடாவில் டி போல்ட் குழுவினர் எலியின் இதய மேலறையிலிருந்து எடுத்த சாற்றில் கண்டறிந்த ஏஎன்பி என்னும் ஹார்மோனுக்கு இது உடன்பிறப்பு. இதயம் விரிந்து திணறும்போது இவை சுரந்து, சிறுநீர் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றி, ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, அழுத்தத்தைக் குறைக்கின்றன. ஹார்மோன் வந்து ஒட்டும் செல்லின் மேற்பரப்புப் புரதத்தை ஏற்பி என்பார்கள்; இந்த வேலைகளைச் செய்விப்பது 'ஏ' வகை ஏற்பி. 'சி' வகை ஏற்பியின் முதன்மையான பணியோ துப்புரவு: ஹார்மோனைப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்துச் சிதைத்துவிட்டு, தான் மட்டும் மீண்டும் மேற்பரப்புக்கு வந்து அடுத்ததற்குக் காத்திருக்கும். ஏஎன்பியை இது இறுகப் பற்றுவதால் அதன் அரை ஆயுள் சில நிமிடங்களே. பிடி சற்றுத் தளர்ந்த பிஎன்பிக்கு ஏறத்தாழ 20 நிமிடம்.

கொழுப்புத் திசுவில் இந்த 'சி' ஏற்பிகள் மிகுதி. எனவே பருமனானவரின் அறிக்கையில் வரும் எண், இதயம் சுரந்த அளவன்று, துப்புரவுக்குப் பின் எஞ்சியது. பருமனில் சுரப்பே குறைவதும் உண்டு என்பதால் பழியை ஏற்பியின் மேல் மட்டும் போட முடியாது. எப்படியாயினும், இத்தகையோருக்கு, '100க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இல்லை' என்ற வரம்பை அப்படியே பொருத்துவது தவறு. பிஎன்பி உருவாகும்போது உடன் பிரியும் துண்டான, இந்த ஏற்பி தொடாத என்டி-புரோபிஎன்பியும் பருமனானவர்களிடம் குறைவாகவே காணப்படும்; சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடமோ அது உயர்ந்துவிடும்.

நெப்ரிலைசின் என்னும் நொதியும் இந்த ஹார்மோன்களைச் சிதைக்கிறது. அதைத் தடுக்கும் சாகுபிட்ரில் என்னும் மருந்து கலந்த இதய மாத்திரை உட்கொள்வோரிடம், இதயம் தேறி வரும்போதும் பிஎன்பி சற்று உயரலாம். அவர்களுக்கு என்டி-புரோபிஎன்பியே நம்பகமானது. எனால்பிரில் போன்ற 'ஏசிஇ தடுப்பான்' வகை மாத்திரையிலிருந்து சாகுபிட்ரில் மாத்திரைக்கு மாறுவோர் இடையில் 36 மணி நேரம் விட வேண்டும், இல்லையேல் முகமும் தொண்டையும் ஆபத்தாக வீங்கக்கூடும்.

அந்த அம்மையாருக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். இதயம் சுருங்கும் திறன் சரியாகவே இருந்தது. தளர்ந்து விரியும் திறன்தான் குறைந்திருந்தது. அன்றே நீர் இறக்கும் மாத்திரையைத் தொடங்கினோம்.