ஒரே ஒரு கையெழுத்து

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி, ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இங்கிலாந்துத் திருச்சபையின் பிடியில் இருந்தன. வகுப்புக்கு வகுப்பு ஆள் அனுப்பி வேவு பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கையெழுத்து போதும்.

ஆக்ஸ்ஃபோர்டில் சேரும்போதே, திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். கத்தோலிக்கர், யூதர் என்றால் வாசலோடு சரி. கேம்பிரிட்ஜில் சேரலாம், படிக்கலாம், தேர்வும் எழுதலாம். பட்டம் வாங்கப் போகும்போதுதான் மத உறுதிமொழி குறுக்கே நிற்கும். எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது. யூதரான ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் 1837இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தார். பட்டம் கிடையாது! நம் பிள்ளைகள் பள்ளியில் போடும் அணிக் கணக்குக்கு ‘மேட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தவர் அவர். 1841இல் டப்ளினுக்குப் போய்ப் பட்டம் வாங்கினார்.

திருச்சபையைச் சேர்ந்தவராகவே இருந்தாலும் தொல்லை விடாது. 1806இல் மதுரையில் பிறந்த அகஸ்டஸ் டி மார்கன் கேம்பிரிட்ஜில் பி.ஏ. முடித்தார். எம்.ஏ.வுக்கான உறுதிமொழியை எடுக்க மனசாட்சி இடம் தரவில்லை. எம்.ஏ. இல்லையென்றால் அங்கே ஆசிரியராக நிலைக்க முடியாது. நல்லவேளை, லண்டனில் மதமே கேட்காத ஒரு கல்லூரி (இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ்) 1828இல் வகுப்புகளைத் தொடங்கியது. 21 வயதில் அவர் அங்கே கணிதப் பேராசிரியர். ‘கடவுளற்ற கல்லூரி’ என்று ஏசிய திருச்சபைத் தரப்பு, 1829இல் போட்டிக்குக் கிங்ஸ் காலேஜை நிறுவியது.

பழைய பல்கலைக்கழகங்களில் பூட்டு ஒவ்வொன்றாகத்தான் திறந்தது. 1854இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் 1856இல் கேம்பிரிட்ஜுக்கும் வந்த சட்டங்கள் இளங்கலைப் பட்டத்துக்கான தடையை நீக்கின. கல்லூரியை நடத்தும் உறுப்பினர்களுக்கான ‘ஃபெல்லோ’ பதவிகள்? அவற்றின் சாவி திருச்சபையிடமே இருந்தது. அங்கேதான் சம்பளமும் அதிகாரமும். 1869இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற யூத மாணவர் நூமா ஹார்டாக் அந்தப் பதவிக்கு வர முடியவில்லை. 1871 ஜூனில் பல்கலைக்கழகச் சோதனைகள் சட்டம் நிறைவேறிய பிறகுதான், இறையியல் தவிர்த்த மற்ற பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் மதக் கேள்வி ஒழிந்தது. சில்வெஸ்டருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் 1872இல், 57 வயதில் வந்து சேர்ந்தது.

டி மார்கன் இதைப் பார்க்கவில்லை. 1866இல் அவருடைய ‘கடவுளற்ற’ கல்லூரியே, ஜேம்ஸ் மார்ட்டினோ யூனிடேரியன் (திரித்துவக் கொள்கையை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு) போதகர் என்று காரணம் காட்டி, மார்ட்டினோவுக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்தது. மனம் வெறுத்துப்போன டி மார்கன் பதவி விலகினார். அவர் இறந்தது 1871 மார்ச்சில், சட்டம் வர மூன்று மாதம் இருக்கையில்.