பால் பைத்தான் வாங்கப் போறீங்களா? காசு குடுக்கிறதுக்கு முன்னாடி பரிவேஷ் ரிஜிஸ்ட்ரேஷன் பத்தி படிச்சிருங்க

பால் பைத்தான் மாதிரி ஒரு வெளிநாட்டு பாம்ப முதல் தடவையா வாங்கணும்னு வர்றவங்க கேக்கிறது பெரும்பாலும் டேங்க் என்ன சைஸ், எலி எங்க கிடைக்கும், கடிக்குமா, இவ்வளவுதான். பேப்பர் பத்தி, அதாவது பரிவேஷ்ங்கிற அரசாங்க வெப்சைட்ல பாம்ப பதியற ரிஜிஸ்ட்ரேஷன் பத்தி கேக்கிறது கடைசில, சில பேரு பாம்பு வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம். அத முதல்ல கேளுங்க.

நம்ம ஊரு பாம்பு எதையும் வளர்க்க முடியாது, இதுல பேச்சே இல்ல. சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு, தண்ணிப்பாம்பு, "அதிர்ஷ்டம்"னு சொல்லி லட்சக்கணக்குல ஏமாத்தி விக்கிறாங்களே அந்த மண்ணுளி, எல்லாமே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. பிடிக்கிறதே அந்த சட்டத்துல வேட்டைக் கணக்குதான், கொல்லணும்னு இல்ல. மலைப்பாம்பு அந்த சட்டத்துல அதிக பாதுகாப்பு குடுக்கிற முதல் அட்டவணைல இருக்கு, மாட்டினா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில், அதோட 25,000 ரூபாய்க்கு குறையாம அபராதம். "தோட்டத்துல குட்டியா கிடந்துச்சு, பாவம்னு எடுத்து வளர்க்கிறேன்"னா அது செல்லாது. தலைமுறை தலைமுறையா பாம்பு பிடிச்ச இருளர்களே சென்னை பக்கத்துல வடநெம்மேலில இருக்கிற அவங்க கூட்டுறவு சொசைட்டில விஷம் எடுக்கிறதுக்கு வனத்துறை பெர்மிட் வாங்கித்தான் பிடிக்கிறாங்க, நீங்களும் நானும் எம்மாத்திரம். வீட்டுக்குள்ள பாம்பு வந்தா ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணுங்க, வந்து பிடிச்சிட்டு போவாங்க.

அப்போ மிச்சம் இருக்கிறது வெளிநாட்டு பாம்பு. பால் பைத்தான், போவா, கார்பெட் பைத்தான், கென்யன் சேண்ட் போவா இதெல்லாம் சைட்டீஸ், அதாவது அழியுற நிலைல இருக்கிற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கு. 2022ல சட்டத்த திருத்தினப்போ அந்தப் பட்டியல அப்படியே நாலாவது அட்டவணைன்னு நம்ம சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல். அதுல பிரிவு 49எம் என்ன சொல்லுதுன்னா, அந்த அட்டவணைல இருக்கிற உயிருள்ள விலங்கு உங்க கைல இருந்தா அரசாங்கத்துக்கு சொல்லி ரிஜிஸ்டர் பண்ணணும், பண்ணாம வச்சிருக்கவும் கூடாது, அடுத்தவங்களுக்கு குடுக்கவும் கூடாது, குட்டி போட வைக்கவும் கூடாது.

அத எப்படி செய்யணும்ங்கிறதுக்கு தனியா விதிகள் வந்தது 2024 பிப்ரவரி 28ல. ஏற்கனவே வச்சிருந்தவங்களுக்கு 6 மாசம் டைம் குடுத்தாங்க, அது அந்த ஆகஸ்ட்லயே முடிஞ்சு போச்சு. இப்போ புதுசா வாங்குறவங்களுக்கு, பாம்பு கைக்கு வந்த 30 நாளைக்குள்ள பரிவேஷ் 2.0 போர்ட்டல்ல அப்ளை பண்ணணும். அப்ளிகேஷன் போறது மாநில தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு, சர்டிஃபிகேட் குடுக்கிறதும் அங்க இருந்துதான். நேர்ல போய் க்யூல நிக்கிற வேலை இல்ல.

இப்போ முக்கியமான இடம். விக்கிறவர் வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பி "பேப்பர் இருக்கு ப்ரோ, ஃபுல் லீகல்"னு சொல்லுவார். அத திறந்து தேதிய பாருங்க. 2020 ஜூன்ல மத்திய அரசு ஒரு ஸ்கீம் விட்டாங்க, வெளிநாட்டு விலங்கு வச்சிருக்கிறவங்க தானா முன்வந்து சொன்னா எங்க வாங்கினீங்கன்னு கேக்க மாட்டோம்னு. நிறைய பேரு அப்போ பதிஞ்சாங்க. ஆனா அந்த பேப்பர் அன்னைக்கு அவர்கிட்ட இருந்த விலங்குக்குத்தான், போன வருஷம் பொறந்த குட்டிக்கு அத காட்டி வித்தா அது என்ன கணக்கு? அதனால பேப்பர்ல இருக்கிற பேரு விக்கிறவர் பேருதானா, இனம் சரியா போட்டிருக்கா, குட்டின்னா அது பொறந்தத ரிப்போர்ட் பண்ணாரா, உங்க பேருக்கு டிரான்ஸ்ஃபர் போட்டுத் தருவாரா, இத கேளுங்க. "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு பதில் வந்தா அப்படியே கிளம்பிருங்க, என்ன விலை குறைச்சாலும் சரி. பேப்பர் இல்லாம சுத்துறதுல கடத்தல்ல வந்ததும் இருக்கு. 2023 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல இருந்து சென்னை வந்த ஒரு பயணியோட லக்கேஜ்ல 22 பாம்பும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டுச்சு.

செல்லமா வளர்க்கிற இன்னொரு வெளிநாட்டு பாம்பான கார்ன் ஸ்நேக் சைட்டீஸ் பட்டியல்ல இல்ல, அதனால 49எம் அதுக்கு பொருந்தாது. அதுக்காக பாங்காக்ல வாங்கி பையில போட்டுட்டு வரலாம்னு நினைக்காதீங்க. உயிருள்ள விலங்க இறக்குமதி பண்ண டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) லைசென்ஸ், குவாரண்டைன் எல்லாம் இருக்கு. இங்கயே வாங்கினாலும் பில் வாங்கி பத்திரமா வைங்க.

வளர்க்கிற விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். பால் பைத்தான் நல்லா பாத்துக்கிட்டா 20, 30 வருஷம் இருக்கும், அதாவது நீங்க ஊரு மாறி, வேலை மாறி, கல்யாணம் ஆகி பிள்ளை காலேஜ் போற வரைக்கும் அந்த சர்டிஃபிகேட்டும் கூடவே வரணும். வீடியோல எல்லாம் டேங்குக்கு சூடு குடுக்கிற ஹீட் மேட் வாங்குன்னு சொல்லுவாங்க, அது குளிர் நாட்டுக்காரங்க சொல்றது. நம்ம ஊர்ல மே மாசத்துல பிரச்சனையே வேற. டேங்க்ல ஒரு பக்கம் 31, 32 டிகிரி இருக்கலாம், இன்னொரு பக்கம் 26 கிட்ட இருக்கணும், மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம்ல மதியம் அந்த 26 எங்க இருந்து வரும்? ரெண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வச்சு ஒரு வாரம் காலி டேங்க பாத்துட்டு அப்புறம் பாம்ப கொண்டு வாங்க. ஒளிஞ்சுக்க ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குகை மாதிரி வைங்க, சாப்பிடலன்னா பதறாதீங்க, நல்ல ஆரோக்கியமான பால் பைத்தானே சில நேரம் மாசக்கணக்குல எலிய திரும்பிப் பாக்காது. எடை குறைஞ்சுக்கிட்டே போனாத்தான் டாக்டர், அதுவும் பாம்பு பாக்கத் தெரிஞ்ச வெட் யாருன்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க.

வேற யாருக்காவது குடுத்தாலும், குட்டி பொரிச்சாலும், செத்துப் போனாலும் போர்ட்டல்ல சொல்லணும். செத்தா சத்தமில்லாம கொல்லைப்புறத்துல புதைச்சிட்டு விட்டுறாதீங்க, ரெக்கார்டுல அது உங்க வீட்லதான் இன்னும் உயிரோட இருக்கும், நாளைக்கு ரேஞ்சர் வந்து பாம்பு எங்கன்னு கேட்டா வித்துட்டீங்களா இல்லயான்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான்.