மூன்றரை நிமிட வெயில், ஒரு நொடியில்

சித்திரை மாத உச்சி வெயிலில் இரணைமடுக் குளக்கட்டில் குடையில்லாமல் நடக்கிறீர்கள். வெயிலை நேரே வாங்கும் தோலில், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு மூன்றரை நிமிடத்தில் ஏறக்குறைய 5 கலோரி வெப்பம் சேர்ந்துவிடும். வியர்க்கும், தலை சுடும், அவ்வளவுதான். அதே 5 கலோரி ஒரு நொடிக்குள் விழுந்தால் தோல் கொப்பளித்துவிடும். அணுகுண்டின் வெப்பம் செய்வது இதைத்தான்.

வாய்க்கால் தாங்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டால் அது வயலுக்குப் போய்ச் சேரும். குளத்தை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வரம்பு உடையும். தோலும் அப்படித்தான். மெதுவாக வரும் வெப்பத்தை இரத்தம் அள்ளிக்கொண்டு போய்விடும். நொடியில் வந்தால் அதற்கு நேரமில்லை. வெப்பம் மேல்தோலிலேயே தேங்கி அதை அவித்துவிடும்.

அணுகுண்டு காற்றில் வெடிக்கும்போது அதன் ஆற்றலில் மூன்றிலொரு பங்கு அளவு இப்படி ஒளியாகவும் வெப்பமாகவும் பாய்கிறது. 1945 ஓகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவுக்கு மேலே சுமார் 600 மீற்றர் உயரத்தில் வெடித்த குண்டு, 3 கிலோமீற்றருக்கு அப்பால் நின்றவர்களின் திறந்த தோலையும் சுட்டது. கிமோனோ உடுத்திருந்த ஒரு பெண்ணின் முதுகில், துணியின் கருநிறக் கோலம் அப்படியே தீக்காயமாகப் பதிந்திருந்தது. கறுப்பு வெப்பத்தைக் குடித்தது, வெள்ளை திருப்பி அனுப்பியது. துணி உடம்போடு இறுகியிருந்த இடங்களில்தான் காயம் கூட.

அப்படியானால் எதை உடுத்துவது? நம்முடைய வயல்களில் களை பிடுங்கப் போகும் பெண்களைப் பாருங்கள். சட்டைக்கு மேலே தொளதொளவென்று நீளக்கைச் சேட், தலையைச் சுற்றித் துவாய். இரண்டு அடுக்கு, நடுவில் காற்று. சேட் வெளிர் நிறமாக இருந்துவிட்டால் இதைவிட நல்ல உடுப்பைச் சொல்வது கஷ்டம்.

ஆனால் உடுப்பைவிட நிழல் மேல். வன்னியில் நாங்கள் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிப் பங்கர் கட்டியது ஷெல் துண்டுகளைத் தடுக்க. இந்த வெப்பத்துக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. ஒளி போலவே நேர்கோட்டில் வருவதால், நிழல் விழுத்தும் எதுவும் மறைக்கும்: சுவர், பனை, குளக்கட்டின் மறுபக்கம். கிடுகு வேலி மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. முதல் வீச்சை மறைத்தாலும், தானே பற்றிக்கொண்டால் பிறகு நெருப்பால் சுடும்.

ஹிரோஷிமா அளவுக் குண்டென்றால் வெப்பத்தின் பெரும்பகுதி ஒன்றிரண்டு நொடியில் வந்து முடிந்துவிடும், ஓட நேரமிராது. ஒரு மெகாதொன் குண்டின் (பத்து இலட்சம் தொன் ரி.என்.ரி. வெடிமருந்துக்குச் சமமானது) வீச்சோ 10 நொடிவரை நீளும். அங்கே உடனே நிழலில் குப்புற விழுந்து, முகத்தையும் கைகளையும் உடம்புக்கு அடியில் ஒளித்தால் காயம் நிச்சயம் குறையும். வெளிச்சம் அடங்கியதும் எழும்பி யன்னலால் எட்டிப் பார்க்கத்தான் மனம் சொல்லும். அதைக் கேட்கக்கூடாது. வெடிப்பின் அலை ஒளியைப் போல உடனே வராது; சில கிலோமீற்றர் தூரத்துக்கு அது வந்துசேரப் பல நொடிகள் எடுக்கும். யன்னல் கண்ணாடி நொறுங்குவது அப்போதுதான்.