பாலிஹெட்ரான்: முகமா, இருக்கையா?

தங்கக் கம்பியால் 12 ஐங்கோணங்களை ஒட்டவைத்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கூண்டு மாதிரி தொங்கும் டாலர் ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். விற்பவர்கள் 'பாலிஹெட்ரான் பென்டன்ட்' என்கிறார்கள். சரி, அது என்ன பாலிஹெட்ரான்?

தட்டையான பல முகங்கள் சேர்ந்து மூடிய கன உருவம், பகடை மாதிரி. கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல. 'ஹெட்ரா'வுக்கு முகம் என்று பொருள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், ஆனால் அதன் நேர்ப்பொருள் இருக்கை (கதீட்ரல் என்ற சொல்கூட ஆயர் உட்காரும் 'கதெட்ரா'விலிருந்து வந்ததுதான்). பகடையை உருட்டிவிடுங்கள், ஏதாவது ஒரு பக்கத்தில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? கிரேக்கர் அடியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் முகத்தைப் பார்த்துப் 'பன்முகி' என்கிறோம். நான்முகனும் ஆறுமுகனும் இருக்கிற மொழிக்கு இது ஒன்றும் சிரமமில்லை. 'பன்முகம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பன்முகத் திறமை ஞாபகத்துக்கு வந்துவிடும். அந்தக் 'கி' முக்கியம்.

இனி அந்தக் கூண்டு. லூக்கா பச்சோலி என்ற கணிதத் துறவியின் நூலுக்கு லியொனார்டோ டா வின்சி பன்முகிகளை வரைந்துகொடுத்தார், 1509இல் வெனிஸில் அது அச்சேறியது. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக வரைந்தார்: ஒன்று திண்மமாக, இன்னொன்று விளிம்புகளை மட்டும் சட்டங்களாக விட்டு, பின்பக்கமும் தெரியும்படி. இரண்டாவதற்கு லத்தீனில் 'வாக்குவஸ்', அதாவது வெற்று. இன்றைய டாலர் அந்தப் படத்தின் வாரிசு. பச்சோலியை வரைந்த, 1495 தேதியிட்ட ஓவியத்தில் 26 முகங்கள் கொண்ட கண்ணாடிப் பன்முகி ஒன்று பாதித் தண்ணீரோடு கயிற்றில் தொங்குகிறது, அதையே பெரிய டாலர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது! அப்புறம் 1568இல் நியூரம்பர்க்கிலிருந்து பன்முகிகளுக்கென்றே ஒரு படநூல் வந்தது. அதைச் செய்த வென்சல் யாம்னிட்சர் தொழிலால் பொற்கொல்லர்.

'வாக்குவஸ்' வகைக்கு 'உள்ளீடற்ற பன்முகி' என்று எழுதலாம்தான், ஆனால் அரசாணை வாசிப்பது போல இருக்கிறது. 'பன்முகிக் கூடு' போதும், வாயில் நிற்கும். முழுக் கல்லில் வெட்டியதென்றால் புதுச்சொல்லே வேண்டாம், பட்டை தீட்டிய கல் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். டாலரைப் பதக்கம் என்றுதான் சொல்லவேண்டும் என்று நான் அடம்பிடிக்கப் போவதில்லை.