ஏஜென்ட்டுக்கு உங்கள் டூலைப் பற்றி யார் சொல்வது?

புது ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொன்று கூப்பிடும் வழி) ஒன்றைத் தொடும் டெவலப்பர், ஆவணத்தில் இல்லாததை எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், பழைய கோடைத் தோண்டிப் பார்ப்பார், டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்ப்பார். டூல்களை, அதாவது நாம் கொடுக்கும் ஃபங்ஷன்களை, தானே கூப்பிட்டு வேலை முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுக்கு இந்த வழிகள் பெரும்பாலும் கிடையாது. டூலின் பெயர், அதன் விளக்கம், பாராமீட்டர்களின் ஸ்கீமா (எந்த மதிப்பை எந்த வடிவில் அனுப்புவது என்ற வரையறை), அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதில் ஏதாவது விடுபட்டிருந்தால் பல நேரம் நின்று கேட்காது, ஊகித்து நிரப்பிவிட்டுப் போய்விடும்.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, மாடல் ஃபங்ஷன்களைக் கூப்பிடச் சொல்லும் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்தது, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், ஏஐ செயலிகளை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியை வெளியிட்டது. இரண்டிலுமே எந்த டூலை எப்போது கூப்பிடுவது என்று ஏஜென்ட்டை இயக்கும் மாடல் முடிவெடுப்பது, நாம் சாதாரண வாக்கியமாக எழுதும் அந்த விளக்கத்தை நம்பித்தான். ஆனால் நான் ரிவ்யூ செய்யும் டூல்களில் அதிகம் பார்ப்பது, இருக்கிற ஏபிஐயை அப்படியே சுற்றிக் கட்டி, "வாடிக்கையாளர் விவரங்களைத் தரும்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவதைத்தான். டூல்களை வழங்கும் அதே சர்வரில் வாடிக்கையாளரைத் தேட இன்னொரு டூல், பட்டியலிட மற்றொன்று. எதை எடுக்கும் பாவம் ஏஜென்ட்? "வாடிக்கையாளர் எண் தெரிந்தால் மட்டும் இதைப் பயன்படுத்தவும், பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் தேடல் டூலைக் கூப்பிடவும்" என்று எழுதினால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற வரிதான் விளக்கத்திலேயே மதிப்பு மிக்கது என்பேன், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

பாராமீட்டர்களுக்கும் இதே கதை. 03/04/2025 என்றால் மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? ஐஎஸ்ஓ 8601 முறையில் 2025-04-03 என்று கேளுங்கள், நேர மண்டலத்தையும் சொல்லிவிடுங்கள். தொகை என்றால் எந்த அலகில்? ஸ்ட்ரைப் ஏபிஐயில் 10 டாலருக்கு 1000 என்று அனுப்ப வேண்டும், யென்னுக்கு அப்படிக் கிடையாது. இதை எழுதாமல் விட்டால் நூறு மடங்கு தவறு நடக்கும். நாலைந்து மதிப்புகள்தான் செல்லும் என்றால் ஸ்கீமாவிலேயே enum ஆக, அதாவது அனுமதித்த மதிப்புகளின் பட்டியலாக, கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் எர்ரர் மெசேஜ். அதுவும் ஆவணம்தான், ஏஜென்ட் தடுமாறி நிற்கும் நேரத்தில் படிக்கும் ஆவணம். வெறும் "400" என்ற எர்ரர் எண்ணைத் திருப்பினால் அதே அழைப்பை மறுபடி மறுபடி அனுப்பும், இல்லையென்றால் கண்டதை மாற்றிப் பார்க்கும். "தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பின்னால் இருக்கிறது, இரண்டையும் சரிபார்த்து அனுப்பவும்" என்று சொன்னால் பெரும்பாலும் அடுத்த முறையே சரியாகிவிடும். எர்ரரைவிட ஆபத்தானது வெற்றுப் பட்டியல். தேடியதில் எதுவும் கிடைக்கவில்லையா, பார்க்க அனுமதி இல்லையா, முதல் பக்கத்தில் மட்டும் இல்லையா? மூன்றுக்கும் ஒரே வெற்றுப் பதில் வந்தால், ஏஜென்ட் அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை என்று முடிவுகட்டி அதே பெயரில் புதிதாக ஒரு பதிவை உருவாக்கிவிடும். எங்கும் எர்ரர் வராது. லாகில் (செயல்பாட்டுப் பதிவில்) எல்லாம் பச்சையாக இருக்கும்.

பின்விளைவுகளை மறைக்காதீர்கள். ஆர்டரை ரத்து செய்யும் டூல் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலும் அனுப்பும் என்றால் அதைச் சொல்ல வேண்டும். டைம்அவுட் ஆன பிறகு திரும்பக் கூப்பிட்டால் இரண்டாவது ஆர்டர் விழுமா என்பதையும் சொல்ல வேண்டும். படிக்க மட்டுமா, அழிக்குமா, திரும்பக் கூப்பிட்டாலும் விளைவு மாறாதா என்று குறிக்க எம்சிபியில் தனிக் குறிப்புகள் உண்டு. ஆனால் அவை வெறும் குறிப்புகள், பாதுகாப்பு வேலி அல்ல. அழிக்கும் வேலைக்கு மனித ஒப்புதல் தனியாக இருக்கட்டும். வெளியார் சர்வரை இணைக்கும் முன் அதன் டூல் விளக்கங்களை ஒரு முறை முழுதாகப் படியுங்கள், ஏனென்றால் அந்த எழுத்து மாடலுக்குக் கட்டளை போலவே போய்ச் சேருகிறது, அதில் கெட்ட எண்ணத்தோடு வரிகளை ஒளித்துவைக்க முடியும்.

இதற்காகப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. பல அமைப்புகளில் இந்த விளக்கங்கள் ஒவ்வொரு முறையும் மாடலின் சூழலுக்குள் (அது ஒரே நேரத்தில் படிக்கும் எழுத்துக்குள்) போய் டோக்கன்களை, அதாவது அது எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டுகளை, தின்கின்றன. "சக்திவாய்ந்த", "எளிமையான" போன்ற சொற்களை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு உதாரண அழைப்பை வையுங்கள்.

எழுதி முடித்ததும் உங்கள் கோட் எதையும் பார்க்காத ஒரு புது செஷனில் டூல்களை மட்டும் இணைத்து, நிஜப் பயனர் கேட்பதுபோல அரைகுறையாக ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள், டெஸ்ட் டேட்டாவில்தான். எந்த டூலை முதலில் எடுக்கிறது, எந்த மதிப்பைத் தானாக இட்டு நிரப்புகிறது என்று லாகில் பாருங்கள். அது ஊகித்த ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் எழுத மறந்த ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். கோட் மாறும்போது விளக்கமும் அதே கமிட்டில் மாறட்டும். பழைய ஆவணத்தை மனிதர் சந்தேகப்படுவார், ஏஜென்ட் பெரும்பாலும் அப்படியே நம்பிவிடும்.