சிவப்புக் கொடி காட்டும் கேமரா

திருமலை நாயக்கர் மகால் முற்றத்தில் நின்றுகொண்டு எதிரே இருந்த தூண் வரிசையைப் பார்த்து பட்டனை அழுத்தினேன். 'க்ளிக்' என்று மெல்லிய சத்தம். நாலு எட்டு உள்ளே போய், தூண்களுக்குப் பின்னால் இருட்டிக் கிடந்த மூலையைப் பார்த்து மறுபடி அழுத்தினேன். பட்டன் பாதியிலேயே நின்றுவிட்டது. கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலின் அடியிலிருந்து சின்னதாக ஒரு சிவப்புக் கொடி எழும்பியது. வெளிச்சம் போதாது, எடுக்காதே என்று அதற்கு அர்த்தம்.

இந்தக் கேமராவில் பேட்டரி கிடையாது. பேட்டரி போட இடமே கிடையாது.

ஒலிம்பஸ் ட்ரிப் 35 என்பது இதன் பெயர். மாமா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, பல வருடம் எங்கள் வீட்டு பீரோவில் கிடந்தது. 1960-களின் இறுதியில் ஜப்பானில் அறிமுகமாகி, 1980-கள் வரை தயாரானது. லட்சக்கணக்கில் விற்றது. பிலிம் கேமரா பக்கம் திரும்பியிருக்கும் இளைஞர்கள் இன்று தேடிப்பிடித்து வாங்கும் குட்டிக் கேமராக்களில் இதுவும் ஒன்று. படத்தின் நிறமும் 'பழைய காலத்து' சாயலும்தான் ஈர்க்கின்றன என்பார்கள். சரிதான். ஆனால் எனக்கு இதன்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் பொறி. படம் பிடிக்க வேண்டிய அதே வெளிச்சத்தை வைத்தே இந்தக் கேமரா தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது.

லென்ஸைச் சுற்றி தேன்கூடு போல மேடுபள்ளமாக ஒரு வளையம் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது செலினியம் பூசிய உலோகத் தகடு. செலினியத்தின்மேல் ஒளி விழுந்தால் மின்சாரம் உண்டாகும். 1883-இல் சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்ற அமெரிக்கர் இதே செலினியத்தின்மேல் மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்து முதல் சூரிய மின்கலத்தைச் செய்தார். நமக்குத் தெற்கே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறதே, அங்கே வேலை செய்வது சிலிக்கான். பொருள்தான் வேறு, அடிப்படை ஒன்றுதான்.

வளையத்தில் பிறக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பம். ஒரு பல்பைக்கூட எரிய வைக்காது. ஆனால் காந்தத்துக்கு நடுவே தொங்கும் மெல்லிய கம்பிச்சுருளைத் திருப்ப அது போதும். சுருளோடு ஒரு முள் ஒட்டியிருக்கிறது. வெயில் கூடினால் முள் அதிகம் நகரும், நிழல் என்றால் குறைவாக நகரும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. மயிரிழை போன்ற அந்த முள்ளுக்கு எதையும் தள்ளும் பலம் கிடையாது. அப்படியானால் லென்ஸின் துளையை அது எப்படிச் சின்னதாக்கும், பெரிதாக்கும்? பலத்தை நம் விரல் கொடுக்கிறது. பட்டனை அழுத்தத் தொடங்கியதும் முள் நின்ற இடத்திலேயே கவ்விப் பிடிக்கப்படுகிறது. படிக்கட்டு போல வெட்டிய ஒரு தகடு அதை நோக்கி நகர்ந்து, எந்தப் படி முள்ளில் இடிக்கிறதோ அந்தப் படியோடு நின்றுவிடுகிறது. அது எத்தனை தூரம் நகர்ந்ததோ, அதற்குத் தக்கபடி துளையின் அளவு அமைகிறது. முள் காட்டுகிறது, விரல் தள்ளுகிறது. முள் நகரவே இல்லையென்றால் தகடு கடைசிவரை போய் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு, பட்டனையும் பூட்டிவிடும்.

ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவான ஷட்டருக்கு இரண்டே வேகம்: நொடியில் 40-இல் ஒரு பங்கு, 200-இல் ஒரு பங்கு. மதுரை உச்சி வெயிலில் 100 ஏ.எஸ்.ஏ. (பிலிம் ஒளியை உணரும் திறனின் அளவு) பிலிம் போட்டால், வேகமான ஷட்டரும் எஃப் 11-ஐ ஒட்டிய சின்னத் துளையும் தானாக அமையும். எஃப் எண் கூடினால் துளை சிறிது என்று அர்த்தம்.

அந்தச் சின்னத் துளையால் இன்னொரு லாபம் உண்டு. லென்ஸின் குவியதூரம் 40 மில்லிமீட்டர். 3 மீட்டர் தூரத்துக்குக் குவித்து வைத்து எஃப் 11-இல் எடுத்தால், கணக்குப்படி கிட்டத்தட்ட 1.9 மீட்டரிலிருந்து 7.7 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். அதனால் தூரத்தை அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டியதில்லை. லென்ஸ் வளையத்தில் நாலே நாலு படம்: ஓர் ஆளின் தலை, இரண்டு பேர், ஒரு கூட்டம், மலை. ஒத்தக்கடையில் நின்று யானைமலையை எடுக்க மலைப் படத்துக்குத் திருப்பினால் போதும். டீக்கடை பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஒற்றைத் தலை.

கேமரா இத்தனை சிறியதாக இருப்பதற்கும் காரணம் எளிமைதான். லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே மேலெழும் கண்ணாடி ஒன்றுக்கு இடம் விட வேண்டும். இதில் கண்ணாடி இல்லை. பார்க்கும் ஜன்னல் தனி, படம் பிடிக்கும் லென்ஸ் தனி. அதனால் லென்ஸ் பிலிமை ஒட்டி உட்கார முடிகிறது. ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் மெல்லிய இதழ்கள்தான், ஆகவே சத்தமும் குறைவு. கிட்டத்தில் எடுக்கும்போது ஜன்னலில் தெரிவதும் பிலிமில் விழுவதும் கொஞ்சம் விலகிப் போகும். அது ஒரு குறைதான்.

அப்புறம் பிலிம். ஜெலட்டினில் பதித்த வெள்ளி உப்புத் துகள்கள்தான் அதன் உயிர். ஒளி பட்டதும் துகளுக்குள் எலக்ட்ரான்கள் விடுபட்டு, வெள்ளி அயனிகளைப் பிடித்து வெள்ளி அணுவாக்குகின்றன. ஓரிடத்தில் நாலைந்து அணுக்கள் சேர்ந்தாலே போதும், அந்தத் துகள் 'ஒளி பட்டது' என்று குறிக்கப்பட்டுவிடும். சாதாரண நுண்ணோக்கியில் வைத்துத் தேடினாலும் அப்போது படம் தெரியாது. கழுவும்போது டெவலப்பர் என்ற மருந்து அந்த நாலைந்து அணுக்களைப் பிடித்துக்கொண்டு, துகளில் உள்ள கோடிக்கணக்கான அயனிகளையும் வெள்ளியாக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் கறுப்பு அதுதான்.

கருப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவலாம், ஆனால் டெவலப்பருக்கு வழக்கமாகச் சொல்லும் சூடு 20 டிகிரி. சித்திரை மாதம் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரைத் தொட்டால் கை சுடும். அதில் கழுவினால் வேதிவினை தாறுமாறாக வேகமெடுத்து, படம் கன்னங்கரேலென்று ஆகும், ஜெலட்டினும் இளகும். என் முதல் ரோல் அப்படித்தான் போனது, 36 படமும். இப்போது ஒரு வாளியில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் மருந்து பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டர் 20-க்கு வந்த பிறகுதான் தொடங்குகிறேன்.

பழைய ட்ரிப் 35 வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள். லென்ஸில் துளை அளவைக் குறிக்கும் வளையம் 'ஏ'-இல், அதாவது தானியங்கியில், இருக்கட்டும். வெளிச்சத்தைப் பார்த்து அழுத்தினால் ஷட்டர் விழ வேண்டும். லென்ஸைச் சுற்றி உள்ளங்கையால் நன்றாக மூடி அழுத்தினால் கொடி எழ வேண்டும். வெயிலிலும் கொடி எழுந்தால், பெரும்பாலும் செலினியம் செத்திருக்கும். பின்கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சையும் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் அதை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒளி கசிந்து பிலிமில் கோடு விழும்.

போன வாரம் கழுவிய ரோல் இன்னும் குளியலறைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்குகிறது. பதினோராவது கட்டத்தில் யானைமலை. நெகட்டிவ் என்பதால் வானம் கறுப்பாகவும் மலை வெளிறியும் இருக்கிறது. மலையடிவாரத்தில் நின்ற ஆடுகள், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் தெரிகின்றன.